என் தங்கை எந்த நாட்டுக்காரி?

1

போன மாதம் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஒரு கடிதத்தை எனக்கு அனுப்பி வைத்திருந்தார். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியது. மாமனார் இறந்த பிறகு அவருடைய பெட்டியைச் சுத்தம் செய்தாராம். அடியில் ஓர் இந்தியப் பாஸ்போர்ட் கிடந்ததாம். இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்று போனதால் அந்தக் குடும்பம் புறப்படவேயில்லை. "காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. கரையான் வேறு அரிக்கத் தொடங்கிவிட்டது. எறிந்துவிடலாமா அக்கா? நீங்கள் கோயமுத்தூரில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று கேட்டிருந்தார்.

எறியாதீர்கள் தங்கச்சி. கரையானைத் தட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் எது உயரமான இடமோ அங்கே வையுங்கள்.

ஏன் என்று சொல்வதற்கு என் தங்கை சரசுவின் கதையைச் சொல்ல வேண்டும். மலைநாட்டில் இருக்கும் உங்களுக்கு இதில் பாதி தெரிந்ததுதான். ஆனாலும் இங்கே பிறந்து வளர்ந்த என் மகளுக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்தே சொல்கிறேன்.

2

நான் பிறந்தது ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீட்டில். என் அம்மா பிறந்ததும் அதே லயத்தில், நான்கு காம்பரா, அதாவது நான்கு அறை தள்ளி. இலங்கை சுதந்திரம் அடைந்த மறு மூச்சிலேயே ஒரு சட்டம் போட்டு எங்களைக் குடிமக்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினாறு வருடம் கழித்து இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். நீங்கள் யார் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. எந்த நாட்டு விண்ணப்பப் பாரம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

என் கணவர் வீட்டில் இந்தியப் பாரம் நிரப்பியிருந்தார்கள். 1974-ல் எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறியபோது எனக்கு இருபது வயது. சரசுவுக்குப் பன்னிரண்டு. வழியனுப்ப வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனில் நின்றாள். அழவில்லை. "அக்கா, இந்தியாவுல போய்க் கடதாசி போடு" என்றாள். எங்கள் ஊரில் கடிதத்துக்கு அதுதானே பேச்சு.

எங்களுக்குக் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் வேலை ஒதுக்கினார்கள். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் அறுந்த இழையை முடிந்து கொடுக்கும் வேலை. முதல் நாள் மேஸ்திரி என்னைப் பார்த்து, "வாங்க அம்மணி, இப்படி வந்து நில்லுங்க" என்றார். எனக்குப் பின்னால் யாரோ பெரிய இடத்துப் பெண் நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தோட்டத்தில் இருபது வருடம் 'ஏய்' என்பதைத் தவிர வேறு அழைப்பைக் கேட்டதில்லை. இவர்கள் கேலி செய்கிறார்கள் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள்.

பேக்கரியில் பாண் கேட்டேன். கடைக்காரர் என் வாயையே பார்த்தார். "பானையா? பாத்திரக்கடை அந்தப் பக்கமுங்க" என்றார். விரலால் காட்டி ரொட்டி வாங்கி வந்தேன். இன்றும் அவசரத்தில் பாண் என்றுதான் வாயில் வருகிறது. மகள் கவிதாவுக்கு அது பிடிக்காது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "அம்மா, பிரெட்டுன்னு சொல்லுங்க. உங்க ஊர்ப் பேச்சு பேசுனா எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க" என்பாள். உங்க ஊர். அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது உறைத்தது. மில் வாசலில் எங்களுக்கு 'சிலோன்காரங்க' என்று பெயர். அங்கே இருந்தபோது 'இந்தியாக்காரன்' என்று பெயர். இதையெல்லாம் நான் பெரிதுபண்ணுவதில்லை. பெயரைப் பற்றி வருத்தப்பட நேரம் இருப்பவர்கள் வருத்தப்படட்டும். எனக்கு ஷிப்ட் இருந்தது.

3

சரசு திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை முருகையா. அவர்களும் இந்தியப் பாரம்தான். 1982-ல் கண்டி இந்திய அலுவலகத்தில் குடியுரிமைப் பதிவு முடிந்து இருவர் படமும் ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. சரசு எனக்குக் கடதாசி போட்டாள். "தோட்டத்துல சர்வீஸ் பணம் கணக்கு முடிஞ்சதும் வந்திடுவோம். உங்க ஊட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்து வை." நான் பார்த்தும் வைத்தேன். அடுத்த வருடம் கலவரம். அதற்கடுத்த வருடம் கப்பல் நின்றது. தோட்டத்தில் இருக்கப் பயந்து அவர்கள் வவுனியாப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனார்கள். போகும்போது அவர்கள் மகள் தேவி கைக்குழந்தை.

அப்புறம் ஆறு வருடம் கடிதம் இல்லை.

1990-ல் ஒரு தபால் அட்டை வந்தது. இந்தியத் தபால் அட்டை. பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஓர் அகதி முகாமிலிருந்து சரசு எழுதியிருந்தாள். படகில் வந்திருக்கிறாள். முருகையா காட்டு வழியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார். சண்டையில் வீடு எரிந்தபோது பெட்டி எரிந்தது. பெட்டியில் இருந்த பாஸ்போர்ட்டும் எரிந்தது.

மறுநாளே பஸ் ஏறினேன். கிணத்துக்கடவு தாண்டும்வரை என் தங்கையை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று பயந்துகொண்டே போனேன். பயந்திருக்கத் தேவையில்லை. எங்கள் அம்மா மாதிரியே இருந்தாள். அம்மாவை விட வயதானவளாக இருந்தாள்.

"கரையில இறங்கினதும் ஒரு ஐயா பேர் எழுதினாரு. எங்கேருந்து வர்றீங்கன்னு கேட்டாரு. சிலோன்லருந்துன்னேன். அத எழுதிக்கிட்டாரு" என்றாள்.

"உனக்கு இந்தியப் பதிவு இருக்குன்னு சொல்லலியா?"

"அவரு அதக் கேக்கலியே அக்கா."

எங்கிருந்து வந்தாய் என்ற கேள்விக்கு அவள் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதில் எந்த நாட்டுக்காரி என்ற கட்டத்தில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து சரசு இலங்கை அகதி. ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். தார்ச்சீட்டுக் கூரை, பத்துக்குப் பத்து அறை, வெளியே போனால் மாலைக்குள் திரும்பி வந்து பெயர் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. தேவி பள்ளிக்கூடம் போனாள். உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வருடமும் நான் சும்மா இருந்துவிட்டேன். உயிரோடு வந்தாளே, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிறாளே, போதும் என்று இருந்துவிட்டேன்.

4

1993 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சரசு முகம் சரியில்லை.

"அக்கா, ஒரு கடதாசியில கையெழுத்து வச்சிட்டேன்."

"என்ன கடதாசி?"

"தெரியல. இங்கிலீஷ். எல்லாரும் வரிசையில நின்னாங்க, நானும் நின்னேன். அரிசிக்குன்னு நெனச்சேன். இப்ப சொல்றாங்க, ஊருக்குத் திரும்பிப் போக விருப்பம்னு எழுதியிருக்காம். அடுத்த கப்பல்ல எங்க பேரு இருக்காம்."

எந்த ஊருக்கு? பண்ணை எரிந்துவிட்டது. தோட்டத்தில் பெயர் வெட்டியாயிற்று. இலங்கைச் சட்டப்படி அவள் இந்தியப் பதிவு வாங்கியவள், அதனால் அங்கே குடிமகள் கிடையாது. இங்கே இருந்தால் சிலோன்காரி, அங்கே இறங்கினால் இந்தியாக்காரி. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. அதிலும் பாதி என்மேல்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் யூனியன் ஆபீசுக்குப் போனேன். அங்கே வாரம் இரண்டு நாள் ஒரு வக்கீல் வருவார். மகேஸ்வரி என்று பெயர். பெருந்துறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். வக்கீலாகி இரண்டு வருடம்தான். என்னை விடப் பதினைந்து வயது சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்கக்கா. நான் பாக்கறது பூரா கிராஜுட்டி கேசு, வேலைநீக்கக் கேசு. ஒரு வாரம் குடுங்க, படிச்சுப்போட்டுச் சொல்றேன்."

தெரியாது என்று சொல்லும் வக்கீலை அன்றுதான் பார்த்தேன். அதனாலேயே நம்பிக்கை வந்தது. ஒரு வாரம் என்றவர் நான்காம் நாளே மில் கேட்டுக்கு வந்துவிட்டார். கையில் தடித்த புத்தகம், அதில் பஸ் டிக்கெட்டுகளை அடையாளமாகச் செருகியிருந்தார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேனுங்கக்கா. பாஸ்போர்ட்டு வேற, குடியுரிமை வேற. பாஸ்போர்ட்டு காலாவதியாகும். குடியுரிமை ஆகாதுங்க. உங்க தங்கச்சியைக் கண்டியில பதிவு பண்ணுன அன்னைக்கே அவங்க இந்தியக் குடிமகள் ஆயிட்டாங்க. எரிஞ்சு போனது பொஸ்தகந்தான். அவங்க குடியுரிமை எரியலீங்க."

பதுளை வாசகிக்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.

"அப்படீன்னா அவளை அனுப்ப முடியாதா?"

"சொந்தக் குடிமக்களை வெளிய அனுப்பறதுக்குச் சட்டத்துல எடமே கெடையாதுங்க. ஆனா அவங்கதான் விருப்பம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே. அதத்தான் மொதல்ல ஒடைக்கோணும்."

டீக்கடையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். இந்திய அரசியல் சட்டத்தில் அடிப்படை உரிமைகள் என்று இருப்பது எல்லாம் ஒரே மாதிரி இல்லையாம். உயிருக்கான உரிமை, சட்டத்தின் முன் சமம் என்பதெல்லாம் இந்த மண்ணில் நிற்கும் எந்த மனுசருக்கும் உண்டு, அகதிக்கும் உண்டு. ஆனால் விரும்பிய ஊரில் குடியிருப்பது, பேசுவது, கூட்டம் சேர்வது, விரும்பிய தொழில் செய்வது, இதெல்லாம் குடிமக்களுக்கு மட்டும்தான். "ஊட்டுக்குள்ள வந்தவங்களுக்குச் சோறு உண்டு. ஆனா எந்த ரூம்புல படுக்கறதுன்னு அவங்க சொல்ல முடியாதுங்க. அதுதானுங்க வித்தியாசம்" என்றார்.

பிறகு ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்த பக்கத்தைத் திறந்தார். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து எழுதிய மனித உரிமைப் பிரகடனம். அதில் பதினைந்தாவதாக வருவது இது: எந்த மனிதருக்கும் ஒரு நாட்டின் குடியாக இருக்க உரிமை உண்டு, நியாயமான காரணம் இல்லாமல் அதை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது.

"இது எப்ப எழுதினது?" என்று கேட்டேன்.

"1948-லீங்கக்கா."

என் டீ ஆறிவிட்டது. எங்கள் அம்மாவிடமிருந்து நாட்டைப் பறித்த சட்டம் வந்ததும் அதே 1948. ஒரே வருடத்தில் உலகம் ஒன்றை எழுதியிருக்கிறது, எங்கள் தீவு அதற்கு நேர்மாறாக இன்னொன்றை எழுதியிருக்கிறது. தோட்டத்தில் யாருக்கும் இந்த முதலாவது விஷயம் தெரியாது. எங்களுக்குக் கிடைத்ததையெல்லாம் யாரோ தந்த தயவு என்றும், பறித்ததையெல்லாம் தலைவிதி என்றும் எடுத்துக்கொண்டோம். நாற்பது வயதில், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அது என்னுடையது என்று தெரிந்துகொண்டேன்.

"மனு எழுதுங்க அம்மணி" என்று வக்கீலிடம் சொன்னேன். வக்கீலை நான் அம்மணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டார்.

5

கவிதா அப்போது டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். மனுவை அவள்தான் இன்ஸ்டிடியூட்டில் தட்டினாள். நான்கு பக்கம். தட்டி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கவிதா?"

"சித்தி கதையைத் தட்டுறப்ப ரெண்டு எடத்துல தப்பு வந்திருச்சும்மா. கை ஓடல." பிறகு கேட்டாள்: "நான் எந்த நாட்டு லிஸ்ட்டுல வருவேன்?"

வக்கீலிடம் கேட்டிருந்ததைச் சொன்னேன். அவள் பிறந்தபோது இருந்த சட்டப்படி, இந்த மண்ணில் பிறந்தாலே போதும், அப்பா அம்மா யாரென்ற கேள்வி இல்லை. இப்போது சட்டம் மாறிவிட்டது, இன்று பிறக்கும் குழந்தைக்குத் தாயோ தகப்பனோ குடிமகனாக இருக்க வேண்டும். "அப்ப நான் ஒண்ணுமே பண்ணாம வாங்கிட்டேன்" என்றாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து உங்க ஊர் என்று அவள் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் எங்கள் மனுக்கள் அத்தனையும் அவள் தட்டியவை.

அகதிகள் விவகாரம் பார்க்கும் அரசு அலுவலகத்தில் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதிகாரி மனுவை முழுதாகப் படித்தார். நல்ல மனிதர்தான்.

"உங்க கூடப்பொறந்தவங்கன்னு நானும் நம்பறேனுங்க. ஆனா நம்பிக்கைய பைலுல வெக்க முடியாதுங்களே. பதிவு நெம்பர் வேணுமுங்க. விசாரணை முடியறவரைக்கும் கப்பல் லிஸ்ட்டுல நிறுத்தி வெக்கச் சொல்லி எழுதறேன். மூணு மாசம். அதுக்குமேல என் கையில இல்லீங்க."

மூன்று மாதத்தில் கடல் தாண்டி ஒரு எண்ணைக் கொண்டுவர வேண்டும். உங்களில் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும், அப்போது இந்தப் பத்திரிகையில் ஒரு சின்ன வேண்டுகோள் போட்டிருந்தேன். எங்கள் தோட்டத்தின் பெயர், முருகையா பெயர், பதிவான வருடம். அதைப் படித்துவிட்டு ஓய்வுபெற்ற ஒரு தோட்ட கிளார்க் ஐயா, முன்பின் தெரியாதவர், கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்துக்கு ஐந்து தடவை போயிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இரண்டரை மாதத்தில் பதிவேட்டு நகல் முத்திரையோடு வந்து சேர்ந்தது. முருகையா, மனைவி சரஸ்வதி, பதிவு எண், நாள். அந்த எண்ணைக் கவிதாவும் நானும் மாறி மாறிப் படித்தோம்.

சரசுவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அதிகாரி நகலைப் பார்த்துத் தலையாட்டினார். "சரிங்க. இவங்க இந்தியக் குடிமகள்தான். லிஸ்ட்டுலருந்து எடுத்துப்போடலாம்." பிறகு பேனாவை மேசையில் வைத்தார். "புள்ளை பேரு இதுல இல்லீங்களே."

தேவி பதிவுக்கு அடுத்த வருடம் பிறந்தவள்.

"இல்லீங்க சார், அவ அப்ப பொறக்கலை" என்றாள் சரசு.

"அப்படீன்னா புள்ளை அங்க பொறந்தது, அந்த நாட்டுக்காரங்க கணக்குலதான் வருமுங்க. புள்ளை லிஸ்ட்டுல இருக்கும். அம்மா இருக்கலாமுங்க."

சரசு மெதுவாகக் கேட்டாள்: "பத்து வயசுப் புள்ள. யார்கூடப் போகும் சார்?"

"அத நான் எப்படிங்க சொல்றது." அவருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். சரசு நகலை என் கையில் திணித்தாள். "நீயே வச்சுக்க அக்கா. புள்ள போற எடத்துக்கு நானும் போறேன். எனக்கு இந்தக் கடதாசி வேணாம்."

"போக மாட்ட. யாரும் போக மாட்டீங்க" என்றேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னேன்.

அன்று மாலையே வக்கீல் மகேஸ்வரியைப் பார்த்தோம். அவர் இந்தத் தடவை புத்தகத்தைப் புரட்டவில்லை. மனப்பாடமாகவே சொன்னார். வெளிநாட்டில் பிறந்த குழந்தையானாலும், பிறந்த அன்று தகப்பன் இந்தியக் குடிமகனாக இருந்தால் குழந்தையும் இந்தியக் குடிதான். யாரும் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை, பிறக்கும்போதே வந்துவிடுகிறது.

"அவருதான் செத்துட்டாரேம்மா" என்றாள் சரசு.

"பொறந்த அன்னைக்கு இருந்தாருங்களா?"

"இருந்தாரு."

"அது போதுமுங்க. அப்பன் போயிட்டாலும் அவரு குடுத்தது போகாது."

சரசு யோசித்தாள். "பெத்தது நான். நானும் இந்தியாக்காரின்னு இப்பதான் சொன்னாங்க. அப்ப என் பேர்ல வராதா?"

மகேஸ்வரி முகம் சிவந்தது. "வராதுங்க. அம்மா பேர்லயும் வரும்னு சட்டத்தத் திருத்தி ரெண்டு வருசந்தான் ஆகுது. பாப்பா அதுக்கு முன்னால பொறந்துருச்சு. நான் எழுதுன சட்டமில்லீங்கக்கா, எங்கிட்டக் கோவிச்சுக்காதீங்க."

பல வருடத்துக்குப் பிறகு அன்று என் தங்கை சிரித்துப் பார்த்தேன். "அவரு உசிரோட இருந்தப்ப ஒரு சட்டி கழுவிக் குடுத்ததில்ல. செத்தப்புறம் நாடு குடுக்குறாரு" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

இப்போது தேவியின் பிறப்புச் சான்று வேண்டும், பதிவு நாளுக்குப் பிந்திய தேதியோடு. மறுபடி அதே கிளார்க் ஐயாவுக்கு எழுதினேன். தோட்டத்துப் பிறப்புப் பதிவேடு நகருக்குப் போயிருந்தது, அங்கேயும் போய் எடுத்து அனுப்பினார். அதில் இங்கிலீஷில் பெயர் ஒரு மாதிரி, முகாம் பதிவில் வேறு மாதிரி. உங்கள் ஊரில் தேவி என்பதை Thevi என்று எழுதுவார்கள், இங்கே Devi என்று எழுதுவார்கள். அந்த ஒரு எழுத்துக்காக இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று சத்தியப் பிரமாணம், அதற்கு இரண்டு சாட்சி, அதற்கு ஒரு முத்திரை. மூன்று மாதக் கெடு முடிந்து, இன்னொரு கெடு வாங்கி, அதுவும் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆணை வந்தது. சரஸ்வதி, மகள் தேவி, இருவர் பெயர்களும் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன.

அந்தக் கப்பல் போனபோது முகாமிலிருந்து பலர் போனார்கள். ஊர் திரும்ப ஆசைப்பட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சரசுவின் அடுத்த வீட்டில் ஒரு கிழவரும் மனைவியும் இருந்தார்கள். அவர்களும் கண்டியில் பதிந்தவர்கள்தான் என்று சொன்னார்கள். வருடம் நினைவில்லை, தோட்டத்தின் பழைய பெயர் மட்டும் தெரியும். எழுதிக் கேட்டோம், பதில் வருவதற்குள் நாள் வந்துவிட்டது. லாரியில் ஏறும்போது அந்த அம்மா, "நம்மட கடதாசி வந்தா வாங்கி வைங்க" என்று சரசுவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். வந்தது, இருபது நாள் கழித்து. இன்னும் முகவரி தெரியாமல் அதை வைத்திருக்கிறோம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கவிதாவும் நானும் அந்த முகாமுக்குப் போய் வேறு குடும்பங்களின் விவரங்களை எழுதிக்கொண்டு வருகிறோம். பெயர், தோட்டம், பதிவான வருடம், பிள்ளைகள் பிறந்த தேதி. உங்களில் யாருக்காவது கண்டிப் பக்கம் போகிற வேலை இருந்தால் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுத்தாளர் யாரும் வேண்டாம், கால் வலிக்காதவர்கள் போதும்.

6

ஆணையின் கடைசிப் பத்தியைக் கவிதாதான் முதலில் கவனித்தாள். இவர்கள் அகதிகள் அல்லர் என்று தீர்மானிக்கப்பட்டுவிட்டதால் முப்பது நாளுக்குள் முகாமைக் காலி செய்ய வேண்டும், உதவிகளும் அன்றோடு நிறுத்தப்படும்.

சரசு பயந்துவிட்டாள். கூரை, அரிசி, தெரிந்த முகங்கள் எல்லாம் ஒரே தாளில் போய்விட்டன. "அகதியாவே இருந்திருக்கலாமோ அக்கா" என்று கேட்டாள். என்னோடு வந்து இரு என்றேன். மாட்டேன் என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பொறந்ததுலருந்து ஒதுக்கி விட்ட எடத்துலதான் இருந்திருக்கேன். லயம், அப்புறம் பண்ணை, அப்புறம் முகாம். எந்த ஊருன்னு நானே பாத்துக்கிறேன்."

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்தாள். காரணம் கேட்டேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாளாம், தென்னந்தோப்புக்குப் பின்னால் மலை தெரியுமாம். கயிற்று நார் களத்தில் வேலை கிடைத்தது. ஒற்றை அறை வீடு கிடைத்தது. தேவி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். வீட்டுக்காரம்மா ரத்தினாத்தா, எழுபது தென்னைக்குச் சொந்தக்காரர், முதல் வாரமே, "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க? பேச்சு ஒரு தினுசா இருக்குதே" என்று கேட்டிருக்கிறார். சரசு அவரை உட்கார வைத்து முழுக்கதையும் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு, "இத்தனை காயிதமா? எங்கிட்ட ஒரு காயிதமும் இல்லையே கண்ணு. என்னைக் கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்?" என்றாராம். அவருக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டதாம்.

போன வாரம் சரசுவைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. தேவி வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "அம்மா பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயிருக்காங்க பெரியம்மா" என்றாள்.

நானும் போனேன். சின்னக் கட்டிடம். கதவருகில் நான் நின்றது சரசுவுக்குத் தெரியாது. அவர்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் இல்லை, ஒரு பர்லாங் நடந்து எடுக்க வேண்டும். தெருப் பெண்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி மனு கொண்டுவந்திருக்கிறாள். வாங்கும் முன் ஒவ்வொருத்திக்கும் அதைப் படித்துக் காட்டியதாகப் பிறகு தெரிந்தது. பஞ்சாயத்துக் கிளார்க் மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க வந்து ஆறு மாசங்கூட ஆகல. இந்தத் தெருவுல நாப்பது வருசமாத் தண்ணி தூக்கறவங்க சும்மா இருக்கறாங்க. முகாமுல கேட்டுக்குள்ளயே பைப்பு இருந்துதாமே. அங்கயே இருந்திருக்கலாமில்லீங்க?"

முகாமில் ஒழுகும் கூரைக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லாதவள் என் தங்கை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுவாள் என்று நினைத்து, கூப்பிட வாயெடுத்தேன்.

சரசு மேசையிலிருந்த மனுவை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"இருந்திருக்கலாமுங்க. ஆனா இருக்க முடியாதுன்னு கவர்மெண்டே ஆர்டர் போட்டிருச்சுங்க. நான் இந்தியாக்காரியாமுங்க." இந்த ஊர் 'ங்க' அவள் வாயில் நன்றாக உட்கார்ந்திருந்தது. "நான் எங்கருந்து வந்தேன்னு அப்புறமாச் சொல்றேன். பைப்பு எப்பப் போடுவீங்க? அதச் சொல்லுங்க."

கிளார்க் நாற்காலியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு மனுவைக் கையில் எடுத்தார். "திங்கக்கெழமை வாங்க. ஆபீசரு வர்றாரு."

"வாரேனுங்க. மனு வாங்குனதுக்கு ஒரு ரசீது குடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் எழுதி முடிக்கும்வரை என் தங்கை அங்கேயே நின்றாள்.